யாருமற்ற காடு: ‘நிலவளம்’ நாவலைப் பழனி மலையில் வைத்து வாசித்தல்

1

க.நா.சு. தமிழாக்கிய ‘நிலவளம்’ நாவலைப் படித்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். சதுப்பு நிலத்தைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறிப்போகும் நீண்ட ஒற்றையடிப் பாதை. அந்தத் தடத்தை முதலில் மிதித்தவர் யார் என்றொரு கேள்வி. பதிலையும் கதைசொல்லியே தந்துவிடுகிறான். ஒரு மனிதன், அவன் வருமுன் அங்கே பாதையே கிடையாது. அவனுக்குப் பின்னால் ஏதோ ஒரு விலங்கு அந்த மங்கலான தடத்தைப் பிடித்து நடந்து அதை ஆழப்படுத்தியது. விலங்குக்கும் பின்னால், தன் பனிமான்களைப் பார்க்கப் போகிற ‘லாப்’ ஒருவன் அதை மோப்பம் பிடித்துக்கொண்டான். யாருக்கும் சொந்தமில்லாத பெருங்காட்டின் ஊடே வழி உண்டானது இப்படித்தானாம். அந்த வழியில்தான் ஐசக் மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து சேருகிறான், குடிசை போடுகிறான், நிலம் திருத்துகிறான்.

முதல்முறை படித்தபோது எனக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. பைபிளின் முதல் பக்கத்தைப் போல இருந்தது, அவ்வளவுதான். பல வருஷம் கழித்துக் கொடைக்கானலுக்குக் கீழே ஒரு கிராமத்தில் தங்க நேர்ந்தபோது மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போதுதான் அந்த வரிசை கண்ணில் பட்டது: மனிதன், விலங்கு, லாப். மனிதன் வேறு, லாப் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு விலங்கு.

இந்த வரிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நட் ஹாம்சன் என்ற பெரிய நாவலாசிரியன் ஏன் ஹிட்லரின் பக்கம் போய் நின்றான் என்ற கேள்வி எண்பது வருஷமாகக் கேட்கப்பட்டுவருகிறது. அந்தக் கேள்வியை அவனது முதுமையிடமும் காது கேளாமையிடமும் கேட்டுப் பயனில்லை. அவனது பிரதியிடம் கேட்க வேண்டும் என்கிறேன். அதைக் கேட்பதற்கு நார்வே வரை போக வேண்டியதில்லை, பழனி மலை போதும்.

2

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹாம்சன் 1859இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். வடக்கு நார்வேயில் ஹமராய் பகுதியில் வளர்ந்தான். முறையான படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டுமுறை அமெரிக்கா போய்க் கூலிவேலை செய்தான். சிகாகோவில் டிராம் வண்டிக் கண்டக்டராகவும் இருந்தான். 1890இல் வந்த ‘பசி’ ஐரோப்பிய நாவலின் போக்கையே திருப்பியது. பட்டினியில் நகரத் தெருக்களில் அலையும் ஒரு எழுத்தாளனின் மனம் நொடிக்கு நொடி தடம்புரள்வதை அதற்குமுன் யாரும் அப்படி எழுதியதில்லை. பிறகு ‘மர்மங்கள்’, ‘பான்’, ‘விக்டோரியா’. 1917இல் ‘நிலவளம்’. 1920இல் அதற்காகவே நோபல் பரிசு. ஐசக் பாஷெவிஸ் சிங்கர் என்ற யூத எழுத்தாளர் இவனது நாவல்களை இத்திஷ் மொழியில் பெயர்த்தவர். இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை முழுவதுமே ஹாம்சனிடமிருந்து வருகிறது என்று 1967இலும், அதாவது எல்லாம் நடந்து முடிந்த பிறகும், அவர் எழுதினார்.

நடந்தது என்ன? 1935இல், நாஜி முகாமில் வதைபட்டுக்கொண்டிருந்த அமைதிப் போராளி ஒஸ்ஸீட்ஸ்கிக்கு எதிராக ஹாம்சன் பத்திரிகையில் எழுதினான். 1940 ஏப்ரல் 9இல் ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது. அடுத்த மாதமே, துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்படி நார்வே இளைஞர்களைக் கேட்டுக்கொண்டான். 1943இல் தன் நோபல் பதக்கத்தைக் கோயபல்சுக்கு அன்பளிப்பாக அனுப்பினான். அதே வருஷம் ஜூனில் ஹிட்லரை நேரில் சந்தித்தான். அந்தச் சந்திப்பில் அவன், நார்வேயை ஆண்ட டெர்போவன் என்ற நாஜி அதிகாரியின் கொடுமைகளைச் சொல்லி, அவனைத் திருப்பி அழைத்துக்கொள்ளக் கேட்டான் என்பதும் உண்மை. ஹிட்லருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் இதற்குப் பிறகும் ஹாம்சனின் பக்தி குறையவில்லை. 1945 மே 7இல், ஹிட்லர் செத்து ஒரு வாரம் ஆன பிறகு, அவனை மானுடத்துக்காகப் போராடிய வீரனாகப் புகழ்ந்து ஒரு இரங்கல் குறிப்பு எழுதி வெளியிட்டான். ஆதாயம் எதிர்பார்த்து எழுதினான் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, ஆதாயம் தர ஆள் இல்லை.

போருக்குப் பிறகு முதியோர் இல்லம், மனநல மருத்துவமனை, விசாரணை. மனத்திறன் நிரந்தரமாகக் குன்றியவன் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள். 1947இல் நீதிமன்றம் 4,25,000 குரோனர் செலுத்தச் சொன்னது. மறுவருஷம் மேல்முறையீட்டில் அது 3,25,000 ஆனது. மனத்திறன் குன்றியவன் 1949இல், தொண்ணூறு வயதில், அந்த வருஷங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக் காட்டினான். அதன் மொழியில் ஒரு குன்றலும் இல்லை. 1952இல் இறந்தான்.

3

இந்தச் செய்தி தெரியவந்ததும் நம் இலக்கிய நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு தரப்பு: “படைப்பு வேறு, படைப்பாளி வேறு. அந்த ஆளு கிறுக்குத்தனமா நடந்துக்கிட்டான். நாவல் என்ன பண்ணுச்சு?” இன்னொரு தரப்பு: “பாசிஸ்ட் எழுதுனதை எதுக்குய்யா படிக்கணும்? தூக்கிப் போடு.” தமிழில் இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. க.நா.சு.வை அழகியல்வாதி என்று கைலாசபதி முதலானோர் தாக்கியதும், பதிலுக்கு இவர்கள் அவர்களைப் பிரச்சாரகர்கள் என்றதும் பழைய கதை.

இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டுமே பிரதியைத் திறந்து பார்ப்பதில்லை. முதல் தரப்பு, அரசியல் பிரதிக்கு வெளியே இருக்கிறது என்று நம்புகிறது. இரண்டாம் தரப்புக்கு எழுதியவனின் பெயர் தெரிந்தால் போதும், பிரதி தேவையில்லை.

பிரதியைத் திறந்து பார்த்தவர் லியோ லோவன்தால். பிராங்பர்ட் பள்ளியைச் சேர்ந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். அந்தக் குழுவின் ஆய்விதழில் 1937இல் ஹாம்சன் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைவதற்கு மூன்று வருஷம் முன்பு. ஹாம்சனின் இயற்கை வழிபாடு, நகர வெறுப்பு, வலிமைக்கு அடிபணியும் இன்பம் ஆகியவற்றில் எதேச்சாதிகாரக் கருத்தியலின் முன்வரலாறு இருக்கிறது என்று அதில் வாதிட்டார். அன்று அதை மிகை என்றுதான் நினைத்திருப்பார்கள். 1940இல் யாருக்கும் சந்தேகம் இருக்க வழியில்லை. நாஜிகளின் தத்துவ ஆசான் ரோசன்பர்கும் இதே ‘நிலவளத்தை’ 1930இலேயே கொண்டாடியிருந்தான். எதிரெதிர் முனையில் நின்ற இரண்டு பேர் ஒரே இடத்தில் விரல் வைத்தார்கள்.

லோவன்தால் இயற்கையைப் பேசினார். நான் நிலத்தைப் பேச விரும்புகிறேன். நிலத்தைப் பற்றிப் பேசினால், அது யாருடையது என்ற கேள்வியும் கூடவே வரும்.

4

ஐசக் குடியேறிய காடு யாருக்கும் சொந்தமில்லாதது என்று நாவல் சொல்கிறது. அதற்கு நார்வே மொழியில் ஒரு சொல் இருக்கிறது, ‘அல்மென்னிங்’. நம் ஊர் வருவாய்த்துறைத் தமிழில் ‘புறம்போக்கு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஐசக் அங்கே கேட்பாரின்றி வீடு கட்டி, ஆடு மாடு சேர்த்து, இங்கரோடு குடும்பம் நடத்துகிறான். ஒருநாள் கெய்ஸ்லர் என்ற அதிகாரி வருகிறார். இது சர்க்கார் நிலமப்பா என்கிறார். அப்புறம் அவரே மதிப்புப் போட்டு, எழுதிக்கொடுத்து, சிறு தொகைக்கு அது ஐசக்குக்குக் கிடைக்க வழி செய்கிறார். ஆக்கிரமிப்பாளன் பட்டாதாரன் ஆகிவிட்டான். நாவலின் மகத்தான பாத்திரங்களில் கெய்ஸ்லரும் ஒருவர், மறுக்கவில்லை. ஆனால் பட்டா யார் கைக்குப் போகிறது, யார் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாவலில் லாப்புகள், அதாவது சாமி என்று தங்களை அழைத்துக்கொள்ளும் பழங்குடி மக்கள், ஓரத்தில்தான் வருகிறார்கள். பிச்சை கேட்டு, செய்தி சுமந்து, கெட்ட சகுனமாக. இங்கர் கர்ப்பமாயிருக்கும்போது செத்த முயலைக் கொண்டுவந்து காட்டுபவன் ஒரு லாப். குழந்தை பிளந்த உதட்டோடு பிறக்கிறது. தானும் அதே உதட்டோடு வாழ்ந்து அவமானப்பட்ட இங்கர் அந்தக் குழந்தையைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். ஓரிடத்தில் கதைசொல்லி அந்த மக்களைப் பற்றிப் பொதுவாகவே தீர்ப்புச் சொல்கிறான்: இருட்டு மூலைகளில் ஒதுங்கி வாழ்பவர்கள், வெளிச்சமும் காற்றும் பட்டால் தழைக்காதவர்கள், புழுபூச்சிகளைப் போல. இது ஏதோ ஒரு பாத்திரத்தின் வாயில் வரும் வசை கிடையாது, கதைசொல்லியின் குரல். வருஷம் 1917. ஹிட்லர் அப்போது யாரென்றே உலகத்துக்குத் தெரியாத ஒரு சிப்பாய்.

குழந்தைக் கொலையும் அப்படித்தான். 1915இல் ஹாம்சன் பத்திரிகையில் எழுதி, சிசுவைக் கொல்லும் தாய்மாரைத் தூக்கில் போடச் சொன்னவன். நாவலில் இங்கரை அவ்வளவு பரிவோடு எழுதுகிறான். அதே கை, பிற்பகுதியில் பார்ப்ரோவுக்காக நீதிமன்றத்தில் வாதாடும் பெண்ணைக் கேலிச்சித்திரமாக்குகிறது. மண்ணோடு ஒட்டியவளுக்கு மன்னிப்பு உண்டு, நகரத்து வாடை பட்டவளுக்குக் கிடையாது. மன்னிப்பைக்கூட மண்தான் தீர்மானிக்கிறது.

நாவலுக்கு வெளியே நார்வே அரசு என்ன செய்துகொண்டிருந்தது? வடகோடியான ஃபின்மார்க் பகுதிக்கு 1902இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. அரசு நிலத்தை வாங்குபவருக்கு நார்வேஜிய மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி அதனோடு வந்தது. சாமி மொழி மட்டும் தெரிந்தவனுக்கு, தன் முன்னோர் மேய்த்த நிலத்தில் ஒரு துண்டுகூட வாங்க வழியில்லை. ஐசக் நடக்கும் காடு அதற்குத் தெற்கே இருக்கலாம். காலமும் மனமும் ஒன்றுதான். சட்டம் அதிகார மொழியில் செய்ததை நாவல் காவிய மொழியில் செய்தது: காட்டை முதலில் காலியாக்கியது, பிறகு அதில் ‘முதல் மனிதனை’ நடக்கவிட்டது.

5

இப்போது பழனி மலைக்கு வருவோம்.

கொடைக்கானலின் வரலாறு எந்தக் கையேட்டிலும் இப்படித்தான் தொடங்கும்: 1821இல் லெப்டினன்ட் வார்டு நில அளவைக்காக மலை ஏறினார். 1845இல், சமவெளியின் நோய்களுக்குப் பயந்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். ‘முதல்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது பாருங்கள். ஆனால் வார்டு எந்த வழியாக ஏறினார்? வெள்ளக்கவி கிராமத்து வழியாக. ஆக, கிராமம் இருந்தது. கிராமத்துக்குப் பாதையும் இருந்தது. கீழ்மலைகளில் தாண்டிக்குடிப் பக்கம் பாறைப் பலகைகளால் ஆன பெருங்கற்காலக் கல்திட்டைகள் கிடக்கின்றன. அங்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் அவற்றைப் பதிவு செய்த நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. செத்தவர்களுக்குக் கல்வீடு கட்டியவர்கள் இருந்த மலையில் 1845இல் ‘முதல் வீடு’ கட்டினார்களாம்!

பளியர் என்ன ஆனார்கள்? வள்ளிக்கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, ஓரிடத்தில் தங்காமல் வாழ்ந்த மக்கள். நில அளவைக்காரனின் கணக்கில் வீடு இருந்தால் குடி, ஏர் இருந்தால் உழவன். இரண்டும் இல்லாதவன் நடமாடும் விலங்குக்குப் பக்கத்தில் வைக்கப்படுவான். 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தபோது காடு சர்க்காருடையது ஆனது, அதில் கிழங்கு தோண்டுவது குற்றமானது. புல்வெளிகளுக்குத் ‘தரிசு’ என்று பெயர் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சொந்த வனத்துறையே அந்தத் ‘தரிசில்’ சீகை, யூகலிப்டஸ், பைன் என்று நட்டுத் தள்ளியது. சோலைக்கு நீர் கொடுத்த புல்வெளி போயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு யாரோ நட்டது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளைக்காரன் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சமவெளியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏறிவந்து காடு திருத்தியவர்கள் குன்னுவர். நம்மவர்கள். மலைப்படிகளில் அவர்கள் உண்டாக்கிய வயல்கள் ஐசக்கின் உழைப்புக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. ஆனால் அந்த வயல்களில் புலையர்கள் அடிமைகளைப் போல உழைத்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் குறித்துவைத்திருக்கின்றன. இங்கேதான் நம் நிலத்துக்கும் ‘நிலவளத்துக்கும்’ முக்கியமான வேறுபாடு. ஐசக் உழுகிறான், நிலமும் அவனுடையது. தமிழ் நிலத்தில் உழுதவனும் உடையவனும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. நடுவில் சாதி நிற்கிறது. ஐசக்கைத் தமிழில் படித்து நெகிழ்ந்துபோன நாம், நம்மை ஐசக்காகக் கற்பனை செய்துகொண்டோம். அந்த வயலில் கூலிக்கு நின்றவன் எந்தப் பக்கத்தில் வருவான் என்று கேட்கவில்லை. ஹாம்சனே நாவலுக்கு மறுவருஷம் வாங்கியது ஒரு பெரிய பண்ணை, அதில் கூலியாட்கள் இருந்தார்கள்.

அந்தக் கிராமத்துக்கு மேலே ஒரு பளியர் குடியிருப்பு. அங்கே ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னைச் ‘சாமி’ என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் ஐயா என்றேன். “சரி சாமி” என்றார். கையில் இருந்தது என்ன புத்தகம் என்று கேட்டார். முதல் பக்கத்துக் கதையைச் சொன்னேன். மொதல்ல மனுசன் வந்தான், அவன் போன தடத்துல மிருகம் வந்துச்சு, அப்புறம் உங்களை மாதிரிக் காட்டாளு ஒருத்தன் வந்தான்னு எழுதியிருக்காங்க என்றேன். சற்று யோசித்தார்.

“தலைகீழால்ல இருக்கு? மொதத் தடம் யானையோடது சாமி. யானை சரிவு பாத்து மெதுவாத்தான் ஏறும். அது போன வழியத்தான் நாங்க பிடிச்சோம். நாங்க போன வழியிலதான் குதிரைக்காரன் வந்தான். இப்ப ரோடும் அதுலதான போகுது.”

பிறகு கேட்டார்: “இத எழுதுனவரு காட்டுல இருந்ததில்லையோ?”

லோவன்தாலுக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன.

6

இதையெல்லாம் இன்று ஏன் பேச வேண்டும்? மூன்று காரணங்கள்.

ஒன்று, நம் எழுத்து. மண்வாசனை, வேர், பூர்வீகம், மண்ணின் மைந்தன் ஆகிய சொற்களை நாம் கூச்சமில்லாமல் புழங்குகிறோம். நகரத்தை வெறுத்து நிலத்தைக் கும்பிடுவது முற்போக்கானது என்று ஒரு மயக்கம் இருக்கிறது. ஹாம்சனைவிடப் பெரிய நிலப்பித்து யாருக்கும் இருக்க முடியாது. அவனை அது எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதும் தெரியும். நிலத்தை நேசிப்பது ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. நேசிக்கும் நிலத்தில் ஏற்கெனவே இருந்தவர்களைப் பிரதியிலிருந்து துடைத்துவிட்டு நேசிப்பதுதான் ஆபத்து. அந்தக் காலி இடத்தில் ரத்தமும் இனமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு, நம் இயக்கங்கள். சுற்றுச்சூழல் தோழர்களைத்தான் சொல்கிறேன். சோலையையும் குறிஞ்சியையும் காப்பாற்றப் போராடியவர்கள் மேல் மரியாதை உண்டு. 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. சீகையையும் பைனையும் நட்ட துறையே இப்போது சோலையின் காவலன். காவலுக்குத் தடையாக யார் காட்டப்படுகிறார்கள்? கிழங்குக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவன். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும், நீதிமன்ற ஆணை ஒன்றினால் தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. தூய இயற்கை, மனிதர் கால்படாத கானகம் என்று நாம் துண்டறிக்கையில் எழுதும்போது, ஹாம்சனின் முதல் பக்கத்தைத்தான் மறுபடி எழுதுகிறோம்.

மூன்று, மன்னிப்பு. நார்வேயில் சாமி மக்கள் சும்மா இருக்கவில்லை. 1979 முதல் 1981 வரை ஆல்டா அணைக்கு எதிராகப் போராடினார்கள். 2021இல் ஃபோசன் தீபகற்பத்துக் காற்றாலைகளுக்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். 2023இல் உண்மை ஆணையத்தின் அறிக்கை வந்தது. 2024 நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் சாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 2009இல் ஹாம்சனின் 150ஆவது ஆண்டைக் கொண்டாடி, ஹமராயில் அவனுக்கு நினைவு மையம் திறந்த அதே நாடு. இரண்டையும் செய்ய வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் கேட்க வேண்டிய ஆள் யார் என்றாவது தெரிந்தது. பழனி மலையில் யார் யாரிடம் கேட்பது? வனத்துறையா, எஸ்டேட்காரரா, புலையரை உழவைத்த வயல்காரரா, குறிஞ்சித் திணை என்று பெருமை பேசிக்கொண்டே அங்கே இருந்தவனை மறந்த தமிழ் வாசகனா?

‘நிலவளத்தை’ நான் எறியப் போவதில்லை. க.நா.சு. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது நமக்குக் கிடைத்த கொடைதான். இங்கர் சிறையிலிருந்து திரும்பி வரும் பகுதியை இன்றைக்கும் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ஐசக் விதைக்கும் காட்சி எங்கள் அப்பாவை நினைவுபடுத்துகிறது. அதனால்தான் கேட்கிறேன். கெட்ட நாவல் கெட்ட அரசியலைச் சொன்னால் யாருக்கும் சேதமில்லை, நம்மை அழவைக்கிற நாவல் சொல்லும்போதுதான் அது நமக்குள் இறங்கிவிடுகிறது.

புத்தகத்தை அலமாரியிலேயே வையுங்கள். வாசிக்கத் தருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுங்கள்: முதல் பக்கத்தில் ஒரு வரிசை தவறாக இருக்கிறது, திருத்திப் படிக்கவும்.